எல்லோரும் படிக்கும் பக்கம்

தன் ஆய்வகத்தில் நடப்பதையெல்லாம் அன்றன்றே இணையத்தில் போட்டுவிடுவது என்று மியோங்ஜு முடிவெடுத்த வாரம், துறைத்தலைவர் தோ அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். பார்லித் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் திட்டத் தொடங்கினார்.

"நீ ஆராய்ச்சி பண்றியா, இல்ல அன்னதானம் பண்றியா? கண்டுபிடிச்சதை அன்னிக்கே போட்டா நாளைக்கே எவனாவது பேட்டன்ட் வாங்கிட்டுப் போயிடுவான். அப்புறம் உக்காந்து மூக்கைச் சிந்து."

"ஊர் பூரா பார்த்த பொருளுக்கு யாரும் பேட்டன்ட் வாங்க முடியாது சார். அதுக்குத்தான் போடறேன்."

"தோத்துப்போன சோதனையையுமா?"

"அதைத்தான் முதல்ல போடணும். நாம விழுந்த குழியில இன்னொருத்தர் எதுக்கு விழணும்?"

தோ அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இப்படியே இருந்தா ரிட்டயர் ஆகற வரைக்கும் உனக்கு ஜன்னல் இல்லாத ரூம்தான்" என்றார். அது பலிக்கவில்லை. மியோங்ஜுவின் அறைக்கு ஜன்னல் இருந்தது. அதைத் திறந்தால் கொரியக் கடற்கரை ஊரான போஹாங்கின் எஃகு ஆலைப் புகைபோக்கிகளும், அவற்றுக்கு இடையில் ஒரு கீற்று கடலும் தெரியும்.

அவள் இப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. இளம் வயதில் வேறொரு ஊரில், வேறொரு பேராசிரியரிடம் வேலை பார்த்தபோது ஒரு புரதத்தின் வடிவத்தை முதன்முதலாகக் கண்டுபிடித்தது அவள்தான். காப்புரிமை வரட்டும் என்று பேராசிரியர் அதை வெளியே விடாமல் வைத்துக்கொண்டார். அந்தச் சமயத்தில் ஒரு மாநாட்டில், தொலைதேசத்துப் பெண் ஒருத்தி ஆரஞ்சுச் சாற்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதே புரதத்தோடு வருஷக்கணக்காகப் போராடுவதையும் ஒன்றும் பிடிபடாததையும் சொல்லிச் சொல்லிக் கண் கலங்கினாள். பக்கத்தில் நின்ற மியோங்ஜுவுக்கு விடை தெரியும். ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருந்தாள். அந்தப் பெண் பிறகு ஆராய்ச்சியையே விட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டாள். தனக்கென்று ஒரு ஆய்வகம் கிடைத்தால் அதில் பூட்டு இருக்காது என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டாள்.

அவள் எடுத்துக்கொண்டது உண்ணிக் காய்ச்சல். வசந்தம் முடிந்ததும் தொடங்கிவிடும். மிளகாய்த் தோட்டத்தில் குனிந்து நிற்பவர்கள், சூசோக் பண்டிகைக்கு முன்னால் முன்னோர் கல்லறையில் புல் அறுக்கப் போகிறவர்கள் என்று யாரையாவது உண்ணி கடிக்கும். காய்ச்சல் ஏறும், ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கும். வயதானவர்கள் என்றால் பாதிப் பேர் வீடு திரும்புவதில்லை. நோயாளிகள் கொஞ்சம் பேர், அதிலும் கிழவர்கள், அதிலும் கையில் காசில்லாதவர்கள். மருந்துக் கம்பெனி எதுவும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அந்த வைரஸிடம் கத்தரிக்கோல் மாதிரி ஒரு புரதம் உண்டு. நம் உடம்பின் செல்லுக்குள் புகுந்து, அங்கிருக்கும் செய்திகளைத் துண்டு துண்டாக வெட்டித் தன் வேலைக்கு எடுத்துக்கொள்ளும். மியோங்ஜு அந்தப் புரதத்தைச் சர்க்கரைத் தூள் அளவுக்குப் படிகமாக்கினாள். குன்றின் மேலிருக்கும், கூர்மையான எக்ஸ்ரே கதிரைத் தரும் பெரிய வட்டக் கூடமான ஒளிவளையத்துக்கு எடுத்துப்போய் அந்தக் கதிரில் காட்டினாள். கணினித் திரையில் நீல வலை போட்ட மாதிரி அதன் உருவம் வந்தது. நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் பொருத்தமான ஒரு மூலக்கூறு போய் உட்கார்ந்துவிட்டால் கத்தரி வெட்டாது. ஒவ்வொரு மூலக்கூறாகப் போட்டுப் பார்த்தாள். ஏன் இந்தப் புரதம் என்று யாராவது கேட்டால், "இதுதான் படிகமாச்சு" என்பாள்.

ஆய்வகத்தின் இணையப் பக்கத்தில் முதல் வரியாக அவளே ஒரு விதியை எழுதிவைத்தாள்: இந்த வேலையைப் பற்றிய எந்தப் பேச்சும் தனியாக நடக்காது. கேள்வியோ சண்டையோ யோசனையோ, எல்லாம் இங்கேயே, எல்லோரும் பார்க்க.

ஒரு குளிர்காலம் முழுவதும் யாரும் வரவில்லை. ஆய்வகத்தில் அவளோடு ஆரம்பத்திலிருந்து இருக்கும் ஓக்சூன் அக்கா தினமும் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவாள். மற்றவர்கள் முன்னால் 'புரொபசர்' என்று மரியாதையாகக் கூப்பிடுகிறவள், தனியாக இருந்தால் மியோங்ஜுவைப் பெயர் சொல்லித்தான் அழைப்பாள்.

"மண்டபத்தைத் திறந்தாச்சு, சமையலும் ஆச்சு, பந்தியில ஒரு ஆளக் காணோம். மியோங்ஜு, நாமளே உக்காந்து சாப்பிட்டுடலாமா?"

"வருவாங்க அக்கா."

"நீ சொன்னா சரி. எனக்கென்ன, சம்பளம் வருது."

மார்ச் மாதம் ஒரு காலையில் வந்தது. கொரிய மொழிதான், ஆனால் எழுத்துக்கூட்டல் வேறு மாதிரி, எல்லைக்கு அந்தப் பக்கத்து எழுத்து. 'உங்கள் ஏழாவது மூலக்கூறு பள்ளத்தில் உட்காரவில்லை, விளிம்பில் தொங்குகிறது. வால் நீளம். நான் வாலைக் குறைத்துச் செய்து அனுப்பட்டுமா? ஹியோன் கில்ஜுன், வேதியியல், ஹுன்சுன்.'

ஹுன்சுன், கொரிய எல்லையை ஒட்டித் துமன் ஆற்றங்கரையில் இருக்கும் சீன ஊர். சீனாவில் தலைமுறைகளாகக் குடியிருக்கும் கொரியர்கள் அங்கே நிறைய. ஒரு சின்ன நிறுவனத்தில், குளிரில் குழாய்கள் உறைந்துபோகும் ஆய்வகத்தில் கில்ஜுன் வேலை பார்த்தார். அவர் அனுப்பிய குப்பிகள் பழைய செய்தித்தாளில் சுற்றி வந்தன. மியோங்ஜு அந்தப் பொடியைக் கரைத்துப் படிகத்தை அதில் ஊறவைத்து, ஒளிவளையத்துக்குக் கொண்டுபோனாள். அன்று மத்தியானம் திரையில் நீல வலை விரிந்தபோது ஓக்சூன் அக்கா எழுந்து நின்றுவிட்டாள். கூட்டமான பஸ்ஸில் ஒட்டிக்கொண்டு நிற்கும் ஆள் மாதிரி இல்லை. தனக்கென்று பிடித்துவைத்த இடத்தில் வந்து அமர்ந்தவர் மாதிரி, அந்த மூலக்கூறு பள்ளத்துக்குள் உட்கார்ந்திருந்தது.

அதன் பிறகு நிற்கவில்லை. அவர் செய்வார், அவள் பார்ப்பாள், பார்த்ததைப் போடுவாள், அவர் குறை சொல்வார், அவள் சண்டை போடுவாள். எல்லாம் அந்தப் பக்கத்தில்தான். எழுதி முடிக்கும்போது கில்ஜுன் கடைசியில் ஒரு வரி சேர்ப்பார். ஆறு உறைந்துவிட்டது. ஆறு உடைந்து ஓடத் தொடங்கிவிட்டது, இரவெல்லாம் சத்தம். மியோங்ஜுவும் பதிலுக்கு ஒரு வரி. இன்று கடல் எஃகு நிறத்தில் இருக்கிறது. பிரேசிலில் இருந்து பக்கத்தைப் படிக்கும் வேதியியலாளர் ஒருவர், வால் குறைத்த மூலக்கூறைப் பற்றி நீளமாகக் கேட்டுவிட்டு, 'ஆறு எப்படி இருக்கிறது?' என்றும் கேட்டார்.

"உலகத்துக்கே தெரிஞ்சுபோச்சு" என்றாள் ஓக்சூன்.

"என்ன தெரிஞ்சுபோச்சு?"

"ஆறு உறைஞ்சது."

ஒருமுறை எல்லோரும் சேர்ந்து வீடியோவில் பேசினார்கள். அன்றுதான் அவர் குரலைக் கேட்டாள். நிதானமான, ஒவ்வொரு சொல்லையும் இறக்கிவைக்கிற குரல். அவர் கடைசியாக அனுப்பிய பொடியில் ஊறவைத்த படிகங்கள் கெட்டுப்போனதற்கு அவள் மன்னிப்புக் கேட்டாள். 'பரவாயில்லை' என்பதற்குத் தன் ஊர் வழக்கில் இருக்கும் சொல்லை அவர் சொன்னார். அந்தச் சொல்லுக்குப் போஹாங்கில் அர்த்தம் வேறு. 'உன் சங்காத்தமே வேண்டாம்' என்று கேட்கும். மியோங்ஜுவின் முகம் சிவந்துவிட்டது. பிரேசில்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஓக்சூன் அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டு மேசைக்கு அடியில் குனிந்தாள்.

"மன்னிச்சிருங்க டீச்சர்" என்றார் கில்ஜுன் அவசரமாக. "எங்க ஊர்ல அது நல்ல வார்த்தை."

"இங்கயும் இனிமே நல்ல வார்த்தைதான் ஹியோன் சார்" என்றாள் அவள். சொன்ன பிறகு, அதை உலகமே கேட்டுக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

மியோங்ஜுவுக்கு அப்போது நாற்பத்தி மூன்று வயது. தனியாக இருந்தாள். சாயங்காலம் கிம்பாப் சோற்றுச் சுருள் ஒன்றை வாங்கிக்கொண்டு அடுக்குமாடிக்குப் போவாள், சாப்பிடுவாள், தூங்குவாள். அந்த வாழ்க்கையில் குறை என்று எதையும் அவள் கண்டதில்லை. இப்போது காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன்னால் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். அவர் எழுதியிருந்தால் அன்று மாடிப்படியில் ஏறிப்போவாள், லிப்டுக்கு நிற்க மாட்டாள். எழுதாத நாளில் யாரிடமும் கோபமில்லாமல் ஒரு கோபம் வரும். நீங்கள் அங்கே தனியாகவா இருக்கிறீர்கள், காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள், எதற்குச் சிரிப்பீர்கள் என்று கேட்க ஆசை. அதை அந்தப் பக்கத்தில் எப்படிக் கேட்பது? தனியாக ஒரு மின்னஞ்சல் அனுப்ப எத்தனை நேரம் ஆகும்? விதி வேலைப் பேச்சுக்குத்தானே, மற்றதுக்கு இல்லையே என்று தனக்குத்தானே வாதாடினாள். ஆனால் அவரிடம் பேச வேலையைத் தவிர வேறு ஒன்று இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால்தான் அதை அனுப்ப முடியும். அவள் அனுப்பவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் கில்ஜுன் பக்கத்திலேயே எழுதினார்: 'அடுத்த மாதம் தென்பக்கம் வருகிறேன். ஒளிவளையத்தைப் பார்க்க அனுமதி கிடைக்குமா?'

அவர் வரும் நாளன்று ஓக்சூன் அக்கா அவளைக் கூர்ந்து பார்த்தாள். "உதட்டுல என்ன?"

"குளிர்ல வெடிச்சிருக்கு. தைலம்."

"சிவப்பா ஒரு தைலமா? நானும் வாங்கணும், கடை பேரைச் சொல்லு."

பஸ் நிலையத்தில் இறங்கியவர் வீடியோவில் பார்த்ததைவிட நரைத்திருந்தார். விரல் நுனிகளில் ரசாயனக் கறை மஞ்சளாக இருந்தது. ஒளிவளையத்தில் அன்றைக்கு அவர் செய்த மூலக்கூறுக்குத்தான் முறை. திரையில் வலை விரிந்தபோது அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே போனார்.

"கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க டீச்சர்."

திருப்பினாள்.

"இத்தனை நாள் குப்பியில வெள்ளைப் பொடியாத்தான் பார்த்திருக்கேன். இது இப்படி ஒரு இடத்துல போய் உக்காரும்னு கணக்குல தெரியும். கண்ணால பாக்குறது வேற." கையைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் ஜுக்தோ சந்தைக்கு அழைத்துப்போனாள். குவாமேகி காலம். பாதி காய்ந்த மீனைக் கடற்பாசியில் வைத்து, பூண்டும் பச்சை மிளகாயும் சேர்த்து மடித்துக் கொடுத்தாள். அவர் மென்றுகொண்டே சொன்னார்.

"நான் இப்ப இந்த நாட்டு அன்சான் ஊர்ல இருந்துதான் வரேன். என் வீட்டுக்காரி அங்க ஓட்டல் சமையல்கட்டுல வேலை பாக்குறா. எங்க ஊர்ல பாதி வீடு அப்படித்தான், ஒருத்தர் இந்தப் பக்கம் வந்து சம்பாதிப்பாங்க. மகளுக்குப் பால்பல்லு விழாத வயசுல கிளம்பினவ."

மியோங்ஜுவின் கையில் மடித்த கடற்பாசி இருந்தது. அதை அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

"மூணு நாள் அங்க இருந்தேன். அவளுக்கு லீவு கிடைக்கலை. ராத்திரி வருவா, குளிப்பா, படுப்பா. அவ தூங்குறதைப் பார்த்துட்டு வந்தேன். சண்டை ஒண்ணும் இல்லீங்க. பேச்சுதான் தீர்ந்துபோச்சு. ஆனா மக படிக்கிறது அவ அடுப்படிச் சூட்டுல சம்பாதிக்கிற காசுல. அதை நான் மறக்க முடியாது."

"மறக்கவும் கூடாது" என்றாள் மியோங்ஜு. மடித்து வைத்திருந்ததை அவர் தட்டில் வைத்தாள்.

"காலைல உங்க பக்கத்தைத் திறக்கிறப்பதான் எனக்கு" என்று தொடங்கியவர், பாதியில் நிறுத்திவிட்டு, மூலக்கூறு செய்யும் வினையில் இன்னும் சூடு குறைத்தால் விளைச்சல் கூடும் என்று வேதியியலுக்குப் போய்விட்டார். அவளும் அதையே பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டாள். பஸ் ஏறும்வரை சூட்டைப் பற்றியே பேசினார்கள்.

அதற்குப் பிறகும் வேலை நடந்தது. நன்றாகவே நடந்தது. பிறகு ஒரு கோடையில், சில வாரங்களாக அவர் தன் செய்முறைகளை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார். எந்தக் கரைப்பான், எவ்வளவு நேரம் கலக்க வேண்டும், எங்கே கைதவறும் என்று எல்லாம் இருந்தது. எதற்கு இந்த அவசரம் என்று அவள் யோசித்தாள். கடைசியில் எழுதினார்: 'சீனாவிலேயே தெற்கே, சூஜோவில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலைக்குச் சேர்கிறேன். மகள் கல்லூரிக்குப் போகிறாள். அவள் அம்மாவும் போதும் என்று திரும்புகிறாள், வீடு வேண்டும். அங்கே இருந்துகொண்டு வெளியே எதையும் எழுதக் கூடாது. இங்கே இருப்பதை வைத்து யார் வேண்டுமானாலும் தொடரலாம்.'

உலகத்தின் பல மூலையிலிருந்து நன்றி எழுதினார்கள், பத்தி பத்தியாக. மியோங்ஜு ஒரு நாள் முழுக்க எழுதி அழித்து, கடைசியில் 'நன்றி. பயணம் நல்லபடியாக இருக்கட்டும்' என்று மட்டும் போட்டாள்.

காலையில் பக்கத்தைத் திறப்பதை நிறுத்திவிட்டாள். ஓக்சூன் அக்காதான் திறந்து, யார் என்ன கேட்டார்கள் என்று வாசித்துச் சொன்னாள். மத்தியானங்களில் மியோங்ஜு வேறொன்று செய்தாள். அந்தச் சூஜோ கம்பெனி வெளியிடும் காப்புரிமைகளைத் தேடி எடுத்துப் படித்தாள். அவர் பெயர் எதிலும் இல்லை. ஒரு நாள் ஏதோ ஒரு புற்றுநோய் மருந்துக்கான காப்புரிமையில், ஒரு மூலக்கூறின் ஓரத்தில் வளையம் ஒன்று வெளிப்பக்கமாக மடங்கியிருந்தது. வேறு யாரும் அதை அங்கே வைக்க மாட்டார்கள். சிரமம் அதிகம். கில்ஜுன் வைப்பார். தெரிந்தவரின் சட்டை அந்நியர் வீட்டுக் கொடியில் காய்வதைப் பார்ப்பதுபோல அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓக்சூன் அக்கா பின்னால் வந்து நின்றாள்.

"அழறதுன்னா வெளிய போய் அழுதுட்டு வா. படிகத் தட்டைக் கையில வச்சுக்கிட்டு அழாத. கண்ணீர்ல உப்பு, படிகம் பூரா வீணாப்போயிடும்."

"அழலை அக்கா."

"சரி, அழலை. தட்டை இப்படிக் குடு."

வேலை அவருக்காக நிற்கவில்லை. பிரேசில்காரர் அந்தச் செய்முறைகளைப் படித்துக் கடைசி மாற்றத்தைச் செய்தார். மலைநாட்டு மருத்துவமனை ஒன்று, யாரிடமும் காப்புரிமை இல்லாத மருந்து என்பதால் துணிந்து சோதனைக்கு எடுத்துக்கொண்டது. காய்ச்சல் தொடங்கியதும் கொடுத்தவர்களில் பலர் பிழைத்தார்கள். தாமதமாக வந்தவர்களுக்கு அவ்வளவாகப் பலனில்லை. அங்கிருந்த டாக்டரம்மா ஒரு நாள் தொலைபேசியில் அழைத்து, ஒரு தாத்தா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, மிளகாய் பழுத்துவிட்டது, இப்போதே விடுங்கள் என்று நர்சுகளோடு மல்லுக்கட்டுகிறார் என்று சொன்னாள். பின்னால் அந்தத் தாத்தா கத்துவது கேட்டது. மியோங்ஜு போனை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றாள். இதை முதலில் சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்ல முடியவில்லை. அந்தத் தாத்தா கதையை ஓக்சூன் அக்காதான் பக்கத்தில் எழுதிப் போட்டாள்.

சூஜோவில் ஒரு மாநாட்டுக்கு அழைப்பு வந்தது. ஜூன் மாதம், புழுக்கம். மேடையில் ஏறி முதல் படத்தைப் போட்டாள். அதில் அவள் பெயருக்கு அடுத்தபடி ஹியோன் கில்ஜுன் என்று இருந்தது, அதே அளவு எழுத்தில். ஐந்தாவது வரிசையில், கம்பெனி அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்திலிருந்தவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். கேள்வி நேரத்தில் பலர் கை தூக்கினார்கள். அவர் கை முழங்கால் மேலேயே இருந்தது.

மத்தியானம் கால்வாய் ஓரத்து நூடுல்ஸ் கடையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"நீங்க இப்ப என்ன பண்றீங்கன்னு நான் கேக்கக் கூடாது, இல்லையா?" என்றாள் மியோங்ஜு.

"கேக்கலாம் டீச்சர். நான்தான் சொல்லக் கூடாது."

இருவரும் சிரித்தார்கள்.

"மக?"

"பல் டாக்டருக்குப் படிக்கிறா."

"வீட்டுக்காரம்மா?"

"வந்துட்டா. முதல்ல கொஞ்ச நாள் ரெண்டு பேரும் விருந்தாளிங்க மாதிரி இருந்தோம், நீங்க குளிங்க, நீங்க குளிங்கன்னு. இப்ப சூப்புல நான் உப்பு போட்டா கரண்டியைப் பிடுங்குறா." அதைச் சொல்லும்போது அவர் முகம் இளகியது. மியோங்ஜுவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சூப்பை ஒரு வாய் குடித்தாள்.

"பக்கத்தைத் தினமும் படிக்கிறேன்" என்றார். "எழுதத்தான் கூடாது. படிக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலை. அந்த மிளகாய்த் தாத்தா கதையை வீட்டுல சொன்னேன். அவளும் சிரிச்சா."

மியோங்ஜு குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் வைத்தாள். "ஹியோன் சார், ஒண்ணு சொல்றேன். வேலையைப் பத்தி இல்ல, அதனால தனியா சொல்லலாம். நீங்க போனதுக்கப்புறம் ரொம்ப நாள் அந்தப் பக்கத்தைத் திறக்கவே எனக்குப் பிடிக்கலை. அவ்வளவுதான். பதில் எதுவும் வேணாம்."

அவர் கால்வாயைப் பார்த்தார். ஒரு படகு போய் மறையும்வரை பார்த்தார்.

"அன்னிக்குப் போஹாங்ல பஸ் ஏறினேன் இல்லீங்களா? ஊரைத் தாண்டுறதுக்குள்ள இறங்கிடலாம்னு எழுந்துட்டேன். பையைக்கூட எடுத்துட்டேன். அப்ப மக போன் பண்ணினா. அப்பா, அம்மாவைப் பார்த்தியா, அம்மா நல்லா இருக்காளான்னு." நிறுத்தினார். "உக்காந்துட்டேன்."

கடைக்காரப் பெண் வந்து, சாப்பாடு பிடிக்கவில்லையா என்று கேட்டாள். பிடித்திருக்கிறது என்று இருவரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள். நூடுல்ஸ் ஊறிப் பருத்துவிட்டது. அதையே மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள். ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில், தெருவோரத்தில் யாங்மே என்ற கருஞ்சிவப்புப் பழம் விற்றவரிடம் அவர் ஒரு கூடை வாங்கி அவள் கையில் கொடுத்தார். ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, கனிந்ததை மட்டும் எடுத்து வைக்கச் சொல்லி விற்பவரோடு வாதாடினார். ரயில் வந்தது. இரண்டு பேரும் குனிந்து வணங்கினார்கள். அவள் நிமிர்ந்தபோது அவர் இன்னும் குனிந்தே இருந்தார்.

ரயில் நகர்ந்ததும் அவள் பழத்தைத் தின்னத் தொடங்கினாள். விமான நிலையம் போவதற்குள் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது. மிச்சத்தைத் தன் நாட்டுக்குள் விட மாட்டார்கள் என்று வாசலில் நின்றே முடித்தாள். விரல்களில் ஏறிய சிவப்பு ஊர் வந்து சேர்ந்த பிறகும் போகவில்லை.

"பார்த்தியா?" என்றாள் ஓக்சூன்.

"பார்த்தேன்."

"எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காரு அக்கா. நிஜமாவே நல்லா இருக்காரு."

ஓக்சூன் அக்கா அவள் விரல்களைப் பார்த்தாள். கொசுவால் பரவும் வேறொரு வைரஸின் புரதம் அந்த வாரம்தான் முதன்முதலாகப் படிகமாகியிருந்தது. மியோங்ஜு மறுநாள் காலையில் பக்கத்தைத் திறந்து அதைப் பற்றி எழுத உட்கார்ந்தாள். இரண்டு வரியில் முடிய வேண்டியதை விரித்து விரித்து எழுதினாள். உப்பின் அளவு, படிகத்தின் நிறம், எந்த மூலையில் முதலில் தோன்றியது, அப்போது ஓக்சூன் என்ன சொன்னாள் என்று ஒன்று விடவில்லை.

ஓக்சூன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "இவ்வளவு எதுக்கு? யாருக்குப் புரியலைன்னு இப்படி எழுதறே?"

"படிக்கிறவங்களுக்கு" என்றாள் மியோங்ஜு. இன்னும் ஒரு பத்தி எழுதி ஏற்றிவிட்டு, படிகத் தட்டை எடுத்துக்கொண்டு குன்றின் மேல் ஒளிவளையத்துக்குக் கிளம்பினாள்.